ஆற்றில் விட்ட முதல் ஒற்றை

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள் நான். படிப்புப் பத்தாம் வகுப்போடு நின்றது. எழுத்தெல்லாம் சரஸ்வதி என்ற பயம் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பக்திதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் மாமாவிடம் (மனைவியின் தகப்பனார்) நூற்றைம்பது வருஷப் பழைய நீதிக்கதைப் புத்தகம் ஒன்று இருந்தது. "முதற் பதிப்பாக்கும்! என்ர அப்பா வைச்சிருந்தது." கலியாண வீடோ, செத்த வீடோ, இதைச் சொல்லாமல் அவர் சோற்றில் கை வைக்கமாட்டார். ஆனால் ஒருவருக்கும் திறந்து காட்டவும் மாட்டார். கை பட்டால் பொடிந்துவிடுமாம்.

கொழும்பில் பழைய புத்தகங்கள் சேர்க்கிற ஐயா ஒருவர் கேள்விப்பட்டு, பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். முதற் பதிப்புதான் என்றால், தன் கண்காட்சியில் மாமாவின் அப்பா பெயரோடு வைப்பாராம். மாமாவுக்கு நித்திரையே இல்லை.

"மருமகன், தூசி மட்டும் தட்டி வைங்க. வேறொண்டும் செய்யாதீங்க."

(வேறொன்றும் செய்யாமலிருக்க எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

தட்டினேன். முதல் ஒற்றை (தாள்) கழன்று கையோடு வந்தது. அதில் கதையுமில்லை, படமுமில்லை. அச்சுக்கூடத்தின் பெயர், பதிப்பித்தவர் பெயர், வருஷம், அவ்வளவுதான். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பெரிய மனிதர் வருகிற நேரத்தில் இந்தக் கந்தல் எதற்கு? குப்பையில் போடலாமா? சரஸ்வதி! அடுப்பிலா? சிவசிவா! உடைந்த சாமிப் படத்தை என்ன செய்வோமோ அதையே செய்தேன். குளித்து, திருநீறு பூசி, வாவிக்கரையில் (எங்களுக்கு அதுதான் ஆறு) கற்பூரம் கொளுத்தி, ஒற்றையை வாழையிலையில் வைத்துத் தண்ணீரில் விட்டேன். கும்பிடக் குனிந்தபோது கடைசி வரி கண்ணில் பட்டது.

"மூன்றாம் பதிப்பு."

இடுப்பளவு தண்ணீருக்குள் பாய்ந்தேன். இலை மட்டும்தான் கையில் வந்தது.

அடுத்த நாள் ஐயா வந்தார். அட்டையை ஆசையாகத் திறந்தார். "முகப்பு ஒற்றை எங்கே?"

மாமா என்னைப் பார்த்தார்.

"ஆத்தில விட்டுட்டன், மாமா. கற்பூரம் கொளுத்தித்தான் விட்டனான்."

"விசரா உங்களுக்கு? செத்தவருக்கா காரியம் செஞ்சீங்க?"

ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். "எத்தனையாம் பதிப்பென்று அதில்தானே இருந்திருக்கும்! விடுவதற்கு முன் வாசித்தீர்களா?"

மாமா ஐயாவின் தேநீரை அவர் பக்கம் இன்னும் தள்ளி வைத்தார். மேசையில் விரிந்து கிடந்த பக்கத்தில் (சத்தியமாகச் சொல்கிறேன்) பொய் சொல்லிக் கெட்ட நரியின் கதை.

"எனக்கு எங்க, ஐயா, அந்தக் காலத்து எழுத்து விளங்கும்?" என்றேன்.

"அவருக்குப் படிப்புக் குறைவு," என்று மாமா அவசரமாகச் சாட்சி சொன்னார்.

அத்தாட்சி இல்லாமல் கண்காட்சியில் வைக்க முடியாதென்று ஐயா போய்விட்டார். நான் பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் உடைத்தேன்.

இப்போது எந்தப் பந்தியிலும் மாமாவுக்கு இதுதான் கதை. "மறுகா கேளுங்க, முதற் பதிப்பெண்டு கொட்டை எழுத்தில கிடந்த ஒற்றைய எங்கட மருமகன் ஆத்தில விட்டார்!" பந்தியே சிரிக்கும். வருஷா வருஷம் அந்த எழுத்துப் பெருத்துக்கொண்டே வருகிறது. போன மாதம் பொன்னெழுத்தாகிவிட்டது. நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

மாமாவுக்குக் கண் மங்கி, பத்திரிகை வாசிப்பதை விட்டு இரண்டு வருஷம். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். யாரும் அவருக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.