கெளம்புறப்ப சொல்லணும்

இந்த உலகத்தில் எந்தப் பிரேக்கையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் ஆப்புக்காரர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் நிற்கும் ஷெட்டில் அவர் வாட்ச்மேன். நான் அங்கே டிரைவர். லாரியை நிறுத்திவிட்டு நான் கீழே இறங்குவதற்குள், பின் டயருக்கு அடியில் ஒரு கருவேலங்கட்டை உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் அவர், வலது காலை இழுத்தபடி நிற்பார்.

"ஹேண்ட் பிரேக் போட்டுருக்கேண்ணே."

"அது ஒன் நம்பிக்கை. இது என் கட்டை."

அவர் கிளீனராக இருந்தபோது, ஹேண்ட் பிரேக் போட்டிருந்த லாரிதான் பின்னால் நகர்ந்து அவர் காலில் ஏறியது. பிரேக்கில் குறையில்லை என்று முதலாளி தரப்பில் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் குறை காலில்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலுக்கு வேறு எவனும் வேலை தர மாட்டான் என்பதால் இந்த வேலையைப் போட்டுக் கொடுத்தார்கள்.

டீக்கடை பெஞ்சு ஆடினால் அதன் காலுக்கு ஒரு மரச்சில்லு. காற்றில் அடிக்கும் ஆபீஸ் கதவுக்கு ஒன்று. கழன்ற சம்மட்டிப் பிடிக்கு ஒன்று. விக்கிரமங்கலத்தில் என் மகள் கல்யாணத்துக்கு வந்தவர், பந்தி மேசைகளுக்கெல்லாம் ஆப்பு வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் சிந்தாத கல்யாணம் எங்கள் சொந்தத்தில் அது ஒன்றுதான்.

"ஒரு பக்கம் ஒல்லி, ஒரு பக்கம் தடி. ஒல்லியா உள்ள போவணும், தடியா நிக்கணும்" என்பார். "பாறையில அடிச்சா பொளக்கும், டயருக்கு வச்சா தாங்கும். வைக்கிறவன் கையில இருக்கு தம்பி."

ஒருநாள் ஷெட்டுக்கு எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். சொர்க்க ரதம் வந்து நின்றது. அதற்கும் ஆப்பு. உடலை ஏற்றியதும் டிரைவர் வண்டியை எடுத்தார். வண்டி உறுமியது, நகரவில்லை.

"பாத்தியளா, வூட்ட வுட்டுப் போவ அவருக்கு மனசு வரல" என்று ஓர் அம்மாள் அழ, கூட்டமே சேர்ந்து அழுதது. சொத்துக்கு அடித்துக்கொண்ட மகன்கள் இருவரும் கையெடுத்துக் கும்பிட்டு, "அப்பா, நாங்க ஒத்துமையா இருக்கோம்ப்பா. கெளம்புங்க" என்றார்கள்.

அப்போதுதான் ஆப்புக்காரர் நொண்டிக்கொண்டே போய்க் கட்டையை உருவினார். டிரைவரிடம் கேட்டார்: "கெளம்புறப்ப சொல்ல வேணாமா?"

அந்த ஒற்றுமை கருமாதி வரைகூடத் தாங்கவில்லை.

பிறகு ஷெட் கைமாறி, புது மேனேஜர் வந்தார். வந்த அன்று, "நானும் உங்கள்ல ஒருத்தன்தான்" என்று எங்களோடு நின்று டீ குடித்தார். அது ஒல்லிப் பக்கம். கொஞ்ச நாளில் தடிப் பக்கம் தெரிந்தது. "நொண்டிக்கிட்டு எதுக்குய்யா ஒரு வாட்ச்மேன்? கேமரா வச்சிரலாம்."

நாங்கள் ஆப்புக்காரரிடம் கெஞ்சினோம். "அண்ணே, அவரு காருக்கு மட்டும் வைக்காதீங்க. ஒங்கள அனுப்பக் காரணம் தேடுறாரு. இந்த வேலைய வுட்டா எங்க போவீங்க?"

"ஏன், அந்தக் காருக்கு டயர் உருண்டையா இல்லியா?"

வைத்தார். மேனேஜர் அவசரமாகக் காரை எடுத்தார். கட்டை எகிறிப் பம்பரைப் பிளந்தது. ஆப்புக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "கெளம்புறப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாங்க சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அன்று மாலையே வேலை போயிற்று.

இப்போது ஷெட்டில் மஞ்சள் நிற ரப்பர் ஆப்புகள் இருக்கின்றன. பாதுகாப்புக்காகவாம். திருடு போகக் கூடாது என்று ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதிகாரிகள் வந்தால் வெளியே எடுத்து, போட்டோ எடுத்து, துடைத்து, மறுபடி பூட்டுவார்கள். கேமராவும் வந்துவிட்டது. லாரி தானாக நகர்ந்து எவன் காலிலாவது ஏறினால், தெளிவாகப் படம் பிடிக்கும்.

எறையூர் சர்க்கரை ஆலைப் பக்கம், கரும்பு டிராக்டர்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் அவரைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். போய்ப் பார்த்தேன். இல்லை. எல்லாரையும் சொல்லிவிட்டுக் கிளம்பச் சொன்னவர், எங்கள் ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டார். கடைசியாக என் லாரிக்கு வைத்த கட்டையை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தார்.

அது என் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. எங்கே நிறுத்தினாலும் வைக்கிறேன். உருவும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்றால், மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன்: "கெளம்புறேண்ணே."