முப்பது படம், இருநூறு பேர்

ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. மானம் போன ஊருக்கு மறுபடி போகவேண்டியதில்லை. அப்படி நான் கழித்துக்கட்டிய ஊர்கள் பல. காரங்காட்டுக்குத் தெற்கே இருக்கும் ஒரு கடற்கரை ஊரை மட்டும் கழிக்க முடியவில்லை.

நயினார்கோவில் பக்கம் பிறந்தவன் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது (நான் அதைக் கைவிட்டதாகத்தான் வெளியே சொல்வேன்). பிறகு தரையில் சாக்பீஸால் சாமி படம் போட்டுப் பிழைத்தேன். ராமேஸ்வரத்தில் ராமர், உத்தரகோசமங்கையில் நடராஜர், கடற்கரை ஊர்களில் மாதா. மழை பெய்தால் மூன்று பேரும் அழிந்துபோவார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது.

நடுவில் சென்னையில் ஓர் ஓவியரிடம் ஆறு மாதம் மரக்கட்டை அச்சு வேலைக்கு எடுபிடியாக இருந்தேன். அவர் ஒரு படத்தை முப்பது பிரதிதான் எடுப்பார். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் 1/30, 2/30 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிறகு கட்டையைப் பிளந்துவிடுவார். "எண்ணிக்கை குறைஞ்சாத்தான்யா மதிப்பு" என்பார். நான் உருப்படியாகக் கற்ற ஒரே பாடம் அது. அதை எங்காவது காட்டிவிடக் கை துறுதுறுத்தது.

அந்தச் சமயத்தில்தான் விசைப்படகுகள் கரையோரம் வந்து நாட்டுப்படகுக்காரர்களின் வலைகளை அறுத்துப்போட்டன. ஊரே கடலுக்குப் போகாமல் பந்தல் போட்டு உட்கார்ந்தது. மாதா படம் போட வந்த நானும் அவர்களோடு கஞ்சி குடித்துக்கொண்டு தங்கிவிட்டேன். சென்னையைவிட்டு வந்ததிலிருந்து ஓர் ஊரில் ஒன்பது நாள் சேர்ந்தாற்போல் இருந்தது அதுதான் முதல் தடவை. ஊர்த்தலைவர் சூசை அண்ணன் சொன்னார்: "போராட்டம் முடியட்டும் தம்பி. வலைக் கொட்டகையில ஒரு மூலை ஒதுக்கித் தாரேன். இங்கனயே கெடந்துக்க, எங்கிட்டும் போகாத."

இந்த மனிதர்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே! உடைந்த படகுப் பலகை ஒன்றில், அறுந்த வலையைப் பிடித்திருக்கும் ஒரு கையைச் செதுக்கினேன். தொண்டியில் ஓர் அச்சகத்தில் கெஞ்சி மை வாங்கி, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து முப்பது படம் எடுத்தேன். எண் போட்டேன், கையெழுத்துப் போட்டேன். பலகையைப் பிளந்து கஞ்சி அடுப்பில் வைத்தேன் (கலைஞன்!).

மறுநாள் தாசில்தார் பேச்சுவார்த்தைக்கு வருவதாக ஏற்பாடு. விசைப்படகுகளைக் கரையோரம் வராமல் தடுக்க ஊருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. அவர் வருவதற்கு அரைமணி முன்னால் படங்களைக் கொடுத்தேன். பந்தலில் இருந்ததோ இருநூறு பேர்.

எங்கள் பக்கம் மண்ணெண்ணெய், வேட்டி, வெள்ள நிவாரணம் என்று எது கொடுத்தாலும் முதலில் நம்பர் போட்ட சீட்டுத்தான் வரும். இது எனக்கும் தெரியும். அந்த அரைமணி நேரம் மட்டும் தெரியவில்லை.

"ஏலே மரியான், ஒனக்கு என்ன நம்பரு?"

"பதினொண்ணு. பக்கத்துல முப்பதுன்னு போட்டிருக்கு."

"அப்ப முப்பது பேருக்குத்தான் வலை குடுக்காகளா? மத்தவுக என்ன, மண்ணத் திங்கவா?"

"இது வெறும் படம்ண்ணே" என்றேன்.

"படத்துக்கு எதுக்குடா நம்பரு?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. அன்று கெட்ட பதில் ஒன்று இருந்தது. "எண்ணிக்கை குறைஞ்சாத்தான் மதிப்பு."

"கேட்டீகளா? அவனே சொல்லிட்டான், எண்ணிக்கை கொறைவாம்!" என்று ரோசம்மா அக்கா எழுந்தார். பந்தலே எழுந்தது. இன்னும் நூற்றெழுபது போடு என்று என் சட்டையைப் பிடித்தார்கள். எதை வைத்துப் போடுவது? பலகையை எரித்துக் காய்ச்சிய கஞ்சி அவர்கள் வயிற்றில் இருந்தது.

தாசில்தார் ஜீப்பைவிட்டு இறங்கியபோது கோஷம் இல்லை, வரிசை இருந்தது. முதலில் நின்றவர் படத்தை நீட்டி, "அய்யா, ஒண்ணாம் நம்பர்" என்றார். அவருக்குப் பின்னால் அடிதடி. "மொதல்ல உங்களுக்குள்ள பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டுத் தாசில்தார் மறுபடி ஜீப்பில் ஏறிவிட்டார்.

சூசை அண்ணன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் பையை அவரே எடுத்து வந்தார். "நல்லாத்தான் வரைஞ்சிருக்க தம்பி. ஆனா ஒன்னய இங்கன வச்சா ஊருக்குப் பதில் சொல்ல ஏலாது. நாலு மணி பஸ்ஸுக்குப் போயிரு."

பஸ் ஐந்தரைக்குத்தான் வந்தது. அதுவரை நிறுத்தத்தில் தனியாக, ஊர்ப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் கூப்பிட வரவில்லை.

பதினெட்டு வருடம் கழித்து நான் தொற்றிக்கொண்டு வந்த லாரிக்கு அந்த ஊரில்தான் டயர் போக வேண்டுமா? டீக்கடைக்குள் ஒதுங்கினேன். ஒருவர் முண்டியடித்துக் கை நீட்ட, இன்னொருவர், "ஏலே, நம்பர் வாங்கிட்டியா?" என்றார். கடையே சிரித்தது.

"அது என்ன கதை?" என்று கேட்டேன்.

டீக்கடைக்காரி சூசை அண்ணனின் மகள். என்னை அடையாளம் தெரியவில்லை. முழுக்கதையும் சொன்னாள். தாசில்தார் அடுத்த வாரமே வந்து பேசினாராம். அப்பா சாகிறவரைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பாராம்.

"பாவம், படம் போட்ட அந்தாளுக்குப் பரமக்குடியில பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைக. அதுக நெனப்புலதான் கிறுக்கு மாதிரி இருந்தானாம். வீடு போய்ச் சேரட்டும்னுதான் அப்பா பஸ் ஏத்திவிட்டாக."

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பெண்டாட்டியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

"பிள்ளைக ஆணா, பொண்ணா?" என்று கேட்டேன்.

"மூத்தது பொண்ணாம்" என்றாள்.

இன்னொரு டீ சொன்னேன்.