இறக்கைக்குள் விட்ட நூல்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. அதனால் ஒரு விமானத்தின் இடது இறக்கையைப் பிரிக்க வேண்டி வந்தது.

என் மகள் தர்ஷி சுவிஸ் நாட்டு ஷாஃப்ஹவுசனில் பிறந்தவள். மற்றப் பிள்ளைகள் வீடு வாங்க, இவள் விமானம் வாங்கினாள். இரண்டு பேர் இருக்கிற சின்ன விமானம். துண்டு துண்டாகப் பெட்டிகளில் வரும். நாங்கள்தான் பொருத்திப் பூட்ட வேண்டும். வாடகைக் கராஜ் ஒன்றில் நாலு வருடம் பூட்டினோம். ('நாங்கள்' என்று தெரிந்துதான் சொல்கிறேன்.) தகட்டில் அவள் ஆணி அடிக்க, அதன் மறுமுனை நசுங்கி இறுக இறக்கைக்குள் கை விட்டுப் பின்னால் இரும்புக்கட்டை பிடித்தது நான். ஹோட்டலில் துணி தோய்த்து முறுக்கி மெலிந்த என் கைதான் அதற்குள் போகும்.

தர்ஷிக்கு முன்யோசனை அதிகம். பறக்கவே தொடங்காத விமானத்தில் பிறகு பூட்டப்போவதற்கெல்லாம் இப்போதே இடம் விடுவாள். இறக்கைக்குள் ஒரு வெறும் குழாய், அதற்குள் ஒரு நூல். பிற்காலத்தில் வயரைக் கட்டி இழுக்கவாம். அதை எனக்குச் சொன்னதாக இன்றும் சாதிக்கிறாள். நூல் நுனியில் ஒரு காகிதம் கட்டி ஜேர்மனில் ஏதோ எழுதியிருந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கேட்டிருக்கலாம். கேட்டால் வாசிக்கத் தெரியாதது வெளிப்பட்டுவிடுமே.

இறக்கையை மூடுகிற நாள் அவள் குடிக்கக் கோப்பி வாங்கப் போனாள். தொங்கின நூல் எனக்கு அரைகுறை வேலையாகத் தெரிந்தது. உருவி எறிந்தேன். தூசி போகாமல் குழாயின் இரண்டு வாயிலும் பழந்துணி திணித்தேன். (நான் திணித்தால் திணித்ததுதான்.) நூல் உள்ளே இருக்கிறதென்று நம்பி அவள் மூடினாள்.

அந்தக் கோடையிலேயே பறக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வேலையைப் பார்வையிட வந்த சுவிஸ்காரர், இறக்கை நுனியில் லைற் பூட்டாமல் பறக்க விடமாட்டேன் என்றார். நூல் விட்டிருக்கிறேன் என்று தர்ஷி பெருமையாகச் சொல்லிக் குழாயைத் தோண்டினாள். கொஞ்சம் துணி வந்தது. மிச்சம் இன்னும் உள்ளே போய் இறுகியது.

"அம்மா, இதுக்குள்ளை நூல் ஒண்டு இருந்ததெல்லோ?"

"ஓம். துப்பரவாக்கிப்போட்டன்."

"இழுக்க வேண்டாம் எண்டு அதிலை எழுதியிருந்ததே."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, பிள்ளை."

அறுபத்தெட்டு வயதில் முதல் தடவை சொன்னேன். அம்மா என்ன சொல்கிறா என்று அந்தச் சுவிஸ்காரர் கேட்டார். நூல் பழுதாகிவிட்டதாம் என்று தர்ஷி ஜேர்மனில் சமாளித்தாள். அந்தளவு ஜேர்மன் எனக்கு விளங்கும்.

இறக்கையைப் பிரித்துத் துணியை எடுக்க, அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் துளைத்துக் கழற்றினோம். திரும்ப அடித்தோம். திரும்பக் கட்டை பிடித்தேன். கோடை போயிற்று, விமானம் அடுத்த வருடம்தான் பறந்தது.

இப்போது என் வீட்டில் ஒருவரும் ஒரு வேலையையும் முடிப்பதில்லை. அரைவாசி கழுவின சட்டியைக் கண்டு நான் வாய் திறக்கமுன் என் மனுசன், தர்ஷியின் அப்பா, சொல்லுவார்:

"கை வையாதேயும். அது பிறகு தேவைப்படும்."

ஏசவும் வழியில்லை. நான்தான் கழுவுகிறேன்.