சிவப்புத் தொப்பிக்குப் பின்னால்

"சடக்!"

கோல்ஃப் மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அப்படியே உறைந்துபோனார். சத்தம் அவருக்குக் கீழிருந்துதான் வந்தது. மெல்ல எழுந்து பார்த்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி இரண்டு துண்டாகக் கிடந்தது.

"என்னப்பா சத்தம்?" கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள் பன்னிரண்டு வயது மகள்.

"பெஞ்சு பழசும்மா. முனகுது."

மகள் பெஞ்சையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இன்றைக்குத் தகுதிச் சுற்று. நாற்பது பெண்களில் முதலாவதாக வருபவளுக்கு மட்டும் வெளிநாட்டில் நடக்கும் சர்வதேச ஜூனியர் போட்டியில் இடம். அங்கே சோபித்தால் பெரிய பயிற்சி மையங்களே தேடி வந்து அழைத்துக்கொள்ளும். போன இரண்டு வருடமும் மகள் மயிரிழையில் கோட்டை விட்டாள். இரண்டு முறையும் கடைசிக் குழியில், அவள் பந்தை மெல்லத் தட்டும் நேரம் பார்த்து ஒரு குரல் அலறியது: "பிரேக்! பிரேக் போடும்மா!"

மாஸ்டரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த பழக்கம். எது உருண்டாலும் அவர் கால் தரையை மிதிக்கும், வாய் கத்தும். "இந்தத் தடவை சத்தம் வந்துச்சு, வீட்டுக்கு வராதீங்க. ஸ்கூல் கார்லயே படுத்துக்குங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் மனிதர்கள் அவருக்குத் துணி மூட்டைகள். எல்லாப் பெண்களுக்கும் ஒரே நீலச் சட்டை, வெள்ளைத் தொப்பி. பெற்றோர் ஐம்பதடி தள்ளித்தான் வர வேண்டும். மாஸ்டர் யோசித்தார். பையிலிருந்து டிரைவிங் ஸ்கூலின் சிவப்புத் தொப்பியை எடுத்தார்.

"இதப் போட்டுக்கோம்மா. ராசியான தொப்பி."

எதைச் சொன்னாலும் 'ஏன்?' என்று கேட்கிற பெண், "சரிப்பா" என்று சமர்த்தாக வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. சிவப்புப் புள்ளியின் பின்னால் மாஸ்டர் நடந்தார். முதல் குழி, வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதில் பந்து கண்ணுக்கே தெரியவில்லை. தெரியாத பந்து என்ன வேகத்தில் போகிறதோ என்ற பதற்றத்தில் ஷூ காலால் தொம்மென்று மிதித்தார். சிவப்புத் தொப்பி திடுக்கிட்டது.

"அடடா, மணல்ல விழுந்துருச்சே!" என்றார் பக்கத்தில் நின்றவர்.

ஷூவால்தானே வம்பு? கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வெறுங்காலோடு நாலு எட்டு வைத்தவர், நேராக எறும்புப் புற்றில் நின்றார்.

"ஆ...ஆ...ஆஆ!"

"போச்சு, குளம்!" என்றார் பக்கத்தில் நின்றவர். இந்த முறை அவர் பார்த்தது மாஸ்டரை.

தூரத்தில் சிவப்புத் தொப்பி பந்தைத் தேடித் தண்ணீரில் இறங்கியது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். 'என் பொண்ணு வாழ்க்கையை நானே குளத்துல தள்ளிட்டேனே!' கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

வெறுங்கால், வாய் நிறைய துணி, கண்ணில் நீர். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். "ஆட்டத்தை நிறுத்துங்க! ஒருத்தருக்கு வலிப்பு!"

ஓடி வந்தவர்கள் கைக்குட்டையைப் பிடுங்கினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கேன்" என்று மாஸ்டர் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது. சிவப்புத் தொப்பி மட்டையை ஓங்கியது. மாஸ்டரின் வாய் காலியாக இருந்தது.

"பிரேக்க்க்!"

மேற்பார்வையாளர் இடுப்பில் கை வைத்தார். "நீங்க யாரோட அப்பா?"

"அதோ... அந்தச் சிவப்புத் தொப்பி சார்."

"பாவம்" என்றார் மேற்பார்வையாளர். அது யாருக்கென்று சொல்லவில்லை. மாஸ்டரைக் கையோடு கூட்டிப்போய் கார் நிறுத்துமிடத்தில் விட்டார்.

இரண்டு மணி நேரம் மாஸ்டர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் காலை நீட்டிப் படுக்க இடமிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

"அப்பா! ஃபர்ஸ்ட்டுப்பா! நான்தான் ஃபர்ஸ்ட்டு!"

மகள் மூச்சிரைக்க வந்து நின்றாள். தலையில் வெள்ளைத் தொப்பி.

"எப்படிம்மா? மணலு... குளம்..."

"நான் எந்தக் குளத்துக்கும் போகலையேப்பா" என்று மகள் வானத்தைப் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண் வந்தாள். முழங்கால் வரை ஈரம், தலையெல்லாம் மணல். சிவப்புத் தொப்பியைக் கழற்றி மாஸ்டர் கையில் வைத்தாள்.

"தொப்பி சும்மாவே தர்றேன்னுதான் உங்க பொண்ணு சொன்னா அங்கிள். கூடவே நீங்களும் வருவீங்கன்னு சொல்லவே இல்ல!"