கோ சமுய் முருகன் கோயிலுக்குப் போகும் வழி

"அடுத்த படத்தைக் காட்டுங்கோ தம்பி" என்று சத்தியபாமா சொன்னதும் இந்திரகுமாரின் விரல் ஐபேடின் மேலே அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த படம் என்னவென்று அவருக்குத் தெரியும். தாய்லாந்தில் கோ சமுய் என்றொரு தீவு. அங்கே லமாய்க் கடற்கரையில் 'தாத்தா பாறை' என்று ஒன்று நிற்கிறது. போகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள். பாறையின் வடிவம் அப்படி; வேட்டிக்குள் மறைக்க வேண்டியது வெட்டவெளியில் நிற்கும். சம்பந்தியாக வரப்போகிற அம்மாவிடம் அதை விளக்க முடியாது. போதாக்குறைக்கு, அந்தப் படத்தில் இந்திரகுமார் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

இந்த அம்மா சும்மா அம்மா இல்லை. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையை நடத்துகிறவர். அவருடைய மகன் கீர்த்தனனும் இந்திரகுமாரின் மகள் தாரிணியும் மூன்று வருஷமாக ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். சத்தியபாமா சம்மதித்து ஒரு 'ஓம்' சொன்னால் ஆவணியில் நிச்சயதார்த்தம். அந்த ஓமை வாங்கத்தான் லிட்கம் வீட்டில் இந்தத் தேநீர், இந்த வடை, கல்யாணம் கட்டி இருபத்தைந்து வருஷமானதற்குப் போய்வந்த இந்தத் தாய்லாந்துப் படங்கள்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பொன்னிறமாகப் பெரிய புத்தர் வந்தார். நா முவாங் அருவி வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், கறுப்புக் கண்ணாடி போட்டபடி இறந்தும் உட்கார்ந்திருக்கும் துறவி வந்தார். சத்தியபாமா எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "எல்லா இடமும் போயிருக்கிறியள். எங்கட கோயில் ஒண்டுக்கும் போகேல்லையோ?" என்று கேட்டார்.

இந்திரகுமார் ஒரே இழுவையில் மூன்று படங்களைத் தள்ளினார். ஆங் தோங் தீவுக்கூட்டத்துக் குட்டித்தீவு ஒன்று வந்து நின்றது. நாற்பதுக்கு மேற்பட்ட தீவுகளில் அதுவும் ஒன்று. பெயர்கூடத் தெரியாது.

"இது என்ன?"

"கோயில் அக்கா. முருகன் கோயில்."

"எங்க? பாறைதானே தெரியுது."

"கோயில் பின்பக்கம்."

இந்திரகுமாரின் மனைவி சிவனேஸ்வரிக்குத் தேநீர் புரையேறியது. சத்தியபாமாவின் கணவர் சிறி மூன்றாவது வடையை எடுத்தார். அவர் வாய் திறப்பது வடைக்கு மட்டும்தான்.

சத்தியபாமா படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அப்ப நாங்களும் ஒருக்கா அங்க போய்க் கும்பிட்டிட்டு வாறம். வந்து மிச்சம் கதைப்பம்" என்றார்.

வந்தவர்களின் கார் தெருமுனை தாண்டியதும் சிவனேஸ்வரி இந்திரகுமாரைக் குசினிக்குள், அடுப்படியில் வைத்துப் பிடித்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? தீவு எண்டு சொன்னாப் போதாதே?"

"வாயில வந்திட்டுது."

"வந்தா விழுங்கிறதுக்கென்ன? அங்க போய்க் கோயில் இல்லையெண்டு கண்டா, எங்கட பிள்ளையின்ர கதி என்ன?"

இனி அந்த அம்மாவைப் போகவிடாமல் தடுப்பது ஒன்றுதான் வழி.

வெள்ளிக்கிழமை சத்தியபாமாவே போன் எடுத்தார். "தம்பி, பிரார்த்தனைக் குழுவில பன்னிரண்டு பேர் தாங்களும் வாறம் எண்டு நிக்கினம்."

பன்னிரண்டு பேர்! இந்திரகுமார் அவசரமாக மறித்தார். "ஏலாது அக்கா. சின்னப் படகு. ரெண்டு பேர்தான் போகலாம்."

"ரெண்டே பேரோ?"

"ரெண்டே பேர்."

"அப்ப நானும் இவரும் மட்டும் போறம். அவைக்கு நான் சொல்லுறன்."

இந்திரகுமார் விடவில்லை. "அங்க படம் எடுக்கவும் விடமாட்டினம் அக்கா. போன் சிக்னலும் இல்லை."

"கும்பிடப் போற இடத்தில போன் என்னத்துக்கு?"

"அலை எழும்பினாப் படகு போகாது. நாள்கணக்காக் கடற்கரையில காத்திருக்க வேணும்."

"இருப்பம். மூண்டு நாளை அஞ்சாக்கிறன்" என்று சொல்லி சத்தியபாமா போனை வைத்தார்.

தடுக்கப் போனவர் இரண்டு நாள் கூட்டிக் கொடுத்ததுதான் மிச்சம்.

அடுத்த நாள் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "அக்கா, கோயில் திருத்த வேலையாம். பூட்டியாச்சாம்."

"ஐயரோ சொன்னவர்? சிக்னல் இருக்கிற கரைக்கு வந்து என்னோட ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோ."

இல்லாத கோயிலுக்கு ஐயருக்கு எங்கே போவது? மெல்பர்னில், பொயிண்ட் குக்கில் இருந்தார் கோபாலகிருஷ்ணன். இந்திரகுமாரோடு ஒரே கம்பனியில் வேலை பார்த்தவர், கும்பகோணத்துக்காரர், குரல் கணீரென்று இருக்கும். அவரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"நம்பர் தெரியாமப் போன் எடும். கோயில் பூட்டியிருக்கு எண்டு ஒரே ஒரு வசனம். வேற ஒண்டும் வேண்டாம்."

"அட, இதெல்லாம் ஒரு மேட்டரா சார்? நான் பாத்துக்கறேன்."

அரை மணி நேரம் கழித்து கோபாலகிருஷ்ணன் கூப்பிட்டார்.

"பேசிட்டேன் சார். கோயில் திறந்திருக்குன்னு சொல்லிட்டேன்."

"என்ன? பூட்டியிருக்கெண்டெல்லே சொல்லச் சொன்னனான்!"

"அதைத்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள அந்தம்மா, 'திறந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க ஐயா, புண்ணியமாப் போகும்'னு கெஞ்சறாங்க. ஒரு பூசகரா எனக்கு மனசு கேக்கல."

"நீர் பூசகர் இல்லை!"

"அந்த நேரத்துல அது ஞாபகத்துக்கே வரல சார். சாயரட்சைப் பூஜைக்கு வாங்கன்னு வேற சொல்லிட்டேன்."

சிறியும் சத்தியபாமாவும் விமானம் ஏறினார்கள். அந்த ஐந்து நாளும் இந்திரகுமாருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தாரிணிக்கு விஷயம் தெரிந்துபோனது.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? யூ மேட் அப் எ கோயில்?" என்றாள். பிறகு அழுகை வந்தது, தமிழும் வந்தது. "கீர்த்தனன்ர அம்மாவுக்குப் பொய் சொல்லுற ஆக்களைக் கண்ணிலயும் காட்டக்கூடாது. தெரியுமோ உங்களுக்கு?"

பொய் சொல்லாதே, பொய் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தவர் அவர். மகளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவளுடைய வாழ்க்கையைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்து உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, கிடைக்கிறதை வாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்தார்.

மேய்ஸ் ஹில் கோயில் கன்ரீனில் தேநீருக்கு வந்த சத்தியபாமாவைச் சுற்றிப் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். இந்திரகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டு கிட்டப் போனார்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்ல வேணும். அந்தக் கோயில்..."

"தம்பி!" சத்தியபாமா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்ன கோயில்! என்ன கோயில்!"

"எந்தக் கோயில் அக்கா?" என்றார் இந்திரகுமார்.

"நூற்றெட்டுப் படி. உச்சியில முருகன் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். காலமை அபிஷேகம், பின்னேரம் பூசை. எங்களுக்கு நேரம் போனதே தெரியேல்லை. அந்த ஐயர்! தங்கமான மனிசன்."

"முகமெல்லாம் நல்லாக் கறுத்துப் போனியளே அக்கா?" என்றாள் ஒருத்தி.

"படியில சரியான வெயில்." சத்தியபாமா இந்திரகுமார் பக்கம் திரும்பினார். "ஆவணியில நிச்சயதார்த்தத்தை வைப்பம் தம்பி. முருகன்ர உத்தரவு கிடைச்சிட்டுது."

இந்திரகுமாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கோயில் இருக்கிறதா? படி இருக்கிறதா? ஐயருமா இருக்கிறார்? தான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, முருகனே தன் நாக்கில் வந்து உட்கார்ந்து சொல்லியிருக்கிறான் என்று அவருக்குப் பட்டது. நேரே சன்னிதிக்கு ஓடினார், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், அழுதார். சிவனேஸ்வரி வந்து தூக்கிவிட்டபோது, "கோயில் மெய்யப்பா, மெய்" என்றார். அவள் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தவரை யாரோ தோளில் தட்டினார்கள். சிறி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவரைக் காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணை, உண்மையாக் கோயிலைக் கண்டனீங்களே?"

சிறி வாய் திறந்தார். "ஐசே, அப்பிடி ஒரு கோயில் இல்லையெண்டு அவ உம்மட படம் பாத்த அண்டிரவே போனில தேடிப் பாத்திட்டா. முப்பது வருஷமா எங்க போனாலும் கோயிலும் பின்னால பன்னிரண்டு பேரும்தான், இந்த அஞ்சு நாள்தான் ரெண்டு பேரும் கடலுக்குள்ளயே கிடந்தனாங்கள். வாற வருஷத்துக்குப் பத்து நாள் புக் பண்ணியாச்சு, உம்மட ஐயரிட்டைச் சொல்லி அங்க ஒரு திருவிழா வைப்பியும்!"