தாது வருஷத்துக்கு ஒரு வேன்

நம் பக்கத்தில் காலப் பயணிகள் என்று ஓர் இனம் உண்டு. இவர்களுக்கு இயந்திரம் கியந்திரம் ஒன்றும் வேண்டாம். விஸ்வநத்தத்தில் காலையில் கம்பெனி வேன் ஏறினால் போதும். வேன் பட்டாசுக் கம்பெனியைப் பார்த்து முன்னால் போகும், இவர்கள் பின்னால் போய்விடுவார்கள். எங்கே? வேறெங்கே, தாது வருஷத்துக்குத்தான். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு, பெரும் பஞ்சம் வந்த வருஷம். எட்டாம் வகுப்போடு வரலாறும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். ஆனாலும் அந்த ஒரு வருஷம் மட்டும் எனக்கு மனப்பாடம். அத்தனை தடவை கூட்டிப் போயிருக்கிறார்கள்.

எத்தனையோ வருஷம் கிடக்க, ஏன் அது ஒன்று? அங்கேதான் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

எங்கள் வேனின் தலைமைப் பயணி சீனிவாசகம் மாமா. பட்டாசைப் பெட்டியில் அடைக்கிற ஷெட்டில் வேலை. வெடிமருந்து வாசம் படாத இடம். டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "நான் மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா…" என்று ஆரம்பிப்பார். நாரணாபுரம் விலக்கு வருவதற்குள் "இருந்தேன்" ஆகிவிடும். அப்புறம் என்ன, குதிரையில் வந்த வெள்ளைக்காரத் துரையை நடுரோட்டில் மறித்து, கடிவாளத்தைப் பிடித்து, "இறங்குலே கீழ" என்று இறக்கி, தானியம் பதுக்கியவன் வீட்டுக் குலுக்கையை உடைத்து, கம்பை அள்ளி, ஊர் பூராவுக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றி, அதைப் பார்த்த துரை கண் கலங்கி, மாமாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கவும் வேன் கம்பெனி வாசலில் நிற்கவும் சரியாக இருக்கும்.

"மாமா, துரை எந்தப் பாசையில அழுதாரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏலே, அழுகைக்கு என்னலே பாசை?"

டிரைவர் சங்கரலிங்கமும் அதே வருஷத்துக்குத்தான் போகிறார். அவர் நூறு மாட்டுவண்டி பூட்டி எங்கிருந்தோ நெல் கொண்டுவந்து இறக்குகிறார். அவரையும் விடவில்லை.

"அண்ணே, ஒரே ஊரு, ஒரே வருசம். மாமாவும் நீங்களும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்லியா?"

"கூட்டம்லே. எம்புட்டுக் கூட்டம் தெரியுமா?"

எந்தக் கூட்டம்? அந்த வருஷத்துக்குப் போய்வந்த அத்தனை பேரும் கஞ்சி ஊற்றினவர்கள். பசியோடு கையேந்திக் குடித்தவன் என்று ஒருத்தனை இதுவரை நான் சந்திக்கவில்லை.

இது இப்படியே நடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். தீபாவளி சீசன் வந்தது. மருந்து செலுத்துகிற ரூமில் நாலு பேர்தான் உட்காரணும். சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கும். நாலு பேர், நாலு வாசல், பொறி பட்டால் ஆளுக்கொரு பக்கம் ஓடலாம். சீசனில் ஏழு பேரைத் திணிப்பார்கள். ஆபீசர் வருகிறார் என்று சேதி வந்தால் மூன்று பேர் எழுந்து போய் வேலிக்கருவைப் புதருக்குள் ஒளியவேண்டும். அவர் போனதும் திரும்பி வந்து உட்காரவேண்டும். அந்த ரூமில்தான் மாரிச்செல்வி அக்காவுக்கு வேலை. அன்றைக்கு யாரோ ஒருத்தி கைபட்டு மருந்துத் தட்டு சரிந்தது. ஏழு பேரும் எழுந்தார்கள். ஒரே வாசலில் மூன்று பேர் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் வேனில் அக்கா வெள்ளி மருந்து ஒட்டிய விரல்களால் மாமாவின் சீட்டைத் தட்டினாள்.

"மாமா, போர்மேன் உங்களுக்குச் சொந்தம்ல. நாலு பேருக்கு மேல உக்கார மாட்டோம்னு நான் சொல்லுதேன். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

"ஒரு போர்மேனுக்கா நான் பயப்படப் போறேன் தாயி? துரையவே…"

"துரை செத்து நூறு வருசமாச்சு மாமா. போர்மேன் உசுரோட இருக்காரு."

வேனே சிரித்தது. மாமாவும் சிரித்து, "வாறேன், வாறேன்" என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கம்பெனி கேட். செல்போனையும் பீடிக்கட்டையும் எல்லோரும் ஒப்படைத்துக்கொண்டிருக்க, அக்கா போர்மேன் பொன்னுத்தங்கத்திடம் போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவே இல்லை.

"உக்கார மாட்டோம்னா யாரு யாரு?"

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்வாரில்லாத ரப்பர் செருப்பு. காலை உதறினால் விழுந்துவிடும். அதைக் குனிந்து அவ்வளவு நேரம் கழற்றிய மனுஷன் உலகத்திலேயே கிடையாது. நூறு வண்டி பூட்டிய சங்கரலிங்கம் டயரை உதைத்து உதைத்துக் காற்றுப் பார்த்தார். அக்கா ரூமின் மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். வேன் கிளீனரான நான் போய் அக்கா பக்கத்தில் நின்றேன். போர்மேன் என்னை ஆள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"அப்ப நீ மட்டும்தான? தீவாளி முடிய வீட்டுல இரு தாயி."

அக்கா சோற்றுவாளியோடு வந்த வழியே நடந்தாள். ரூமில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். வேனில் தொண்டைச் செருமல் கேட்டது. துரையோ என்று பார்த்தால், இல்லை.

"போன செவ்வாக்கெழம அந்தப் பொன்னுத்தங்கத்தக் கேட்டேன் பாரு ஒரு கேள்வி! மனுசன் மூஞ்சி செத்துப்போச்சு."

"நானும்தான அண்ணாச்சி நின்னேன்" என்றார் சங்கரலிங்கம். பின்சீட்டிலிருந்த இன்னும் நாலைந்து பேரும் அன்றைக்கு நின்றார்களாம். நூற்றைம்பது வருஷம் போய்த் திரும்புகிற கால்களுக்கு ஒரு வாரம் எம்மாத்திரம்? இப்போது அந்த கேட்டில் நிற்க இடமில்லை. அவ்வளவு பேர் நின்றிருந்தால் அக்கா யாரைத் தேடித் திரும்பிப் பார்த்தாள்?

அவள் அடங்குகிற ஆள் இல்லை. நாளைக் காலையில் திரும்பவும் போர்மேனைப் பார்க்கப் போகிறாள். கூட வருவதாக அந்த ரூமில் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். வந்தால் உண்டு.

நீங்கள் நல்லவர், எனக்குத் தெரியும். மேலே வாசிக்கும்போதே கேட்டுக்குள் புகுந்து, அக்கா பக்கத்தில் நின்று, பொன்னுத்தங்கத்தை நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டீர்கள், இல்லையா? அவர் வாயடைத்துப் போனார், இல்லையா? மறைக்காதீர்கள், முகத்திலேயே தெரிகிறது.

ஆனால் நீங்கள் நின்றது போன செவ்வாய்க்கிழமை. அக்கா போவது நாளைக்கு.