வராத பணத்துக்கு ரசீது

அரசுக் கட்டுமானப் பணிகளில் சப் காண்ட்ராக்டர்களுக்குப் பணம் தாமதமின்றிச் சேரவேண்டும் என்று மேலிடம் திருவுளம் கொண்டு ஓர் ஆணை பிறப்பித்தது. அதை நிறைவேற்ற ஒரகடத்தில் ஒரு தனிப் பிரிவும், அந்தப் பிரிவுக்கு ஜீவானந்தம் என்ற அதிகாரியும், அந்த அதிகாரிக்கு ஏசியும் உடனடியாக வழங்கப்பட்டன. உடனடியாக வழங்கப்பட்டவை அவை மட்டும்தான்.

வல்லக்கோட்டை பரசுராமன் சாலையோர மழைநீர்க் கால்வாயைக் கட்டி முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலையைப் பிரித்துக் கொடுத்த பெரிய காண்ட்ராக்டர் மோகன், அரசாங்கம் தந்தால் தருகிறேன் என்றார். புது ஆணையோ, 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று பரசுராமன் கையெழுத்திட்ட சான்றிதழ் வந்தால்தான் மோகனுக்குத் தரலாம் என்றது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

இதற்கிடையில் கூலி பாக்கிக்காகத் தளவாய் மேஸ்திரி, திருநெல்வேலியிலிருந்து கூட்டி வந்த ஆறு பேருடன் பரசுராமன் வீட்டுக்கே குடிவந்துவிட்டார். அவர்கள் தங்கியிருந்த அறையை, வாடகை வரவில்லை என்று ஓனர் பூட்டிவிட்டாராம். பதினோரு நாளாக வடித்துக் கொட்டிய மரகதம், வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் குன்றத்தூரில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாகப் புருஷனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். மனுஷன் பாவம், அலுவலகத்துக்கு ஓடினார்.

"இன்னா சார் இது? வராத பணத்த வந்துச்சுன்னு எப்டி எழுதறது?"

"வரலைன்னு எழுதினா மோகன் ஆணையை மீறினவர் ஆயிடுவார்," என்றார் ஜீவானந்தம். "மீறினவருக்கு பில் பாஸ் ஆகாது. அவருக்கே ஆகலைன்னா உங்களுக்கு எப்படி வரும்?"

"அப்போ எழுதினா வந்துடுமா சார்?"

"எழுதினா வந்தாச்சுன்னுதானே அர்த்தம்?"

பரசுராமனுக்கு இதில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. கையெழுத்துப் போட்டார்.

அவரைப் போலவே எல்லாரும் போட்டிருந்தார்கள். அந்த வாரமே கணக்கெடுத்ததில் நிலுவை பூஜ்யம் என்று தெரியவந்தது. நிலுவையே இல்லாதபோது அதைத் தீர்க்க ஒதுக்கிய நிதி எதற்கு? பொதுமக்கள் பணம் என்ற பொறுப்புணர்ச்சியுடன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பாராட்டு விழா. தாமதமின்றிப் பணம் பெற்ற முதல் பயனாளி என்று பரசுராமனை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். அவரும் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

விழா முடிந்து பணத்தைப் பற்றி மெல்லக் கேட்டபோது, ஜீவானந்தம் தோளில் கைபோட்டு ஒரு வழி சொன்னார். கூலியாட்கள் எல்லாரும் கூலி வாங்கிவிட்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை இணைத்து ஃபைலை மறுபடி மேலே அனுப்பிப் பார்க்கலாமாம்.

சால்வையோடு வீடு திரும்பினால், மரகதம் சொன்னபடியே போயிருந்தாள். அடுப்படியில் ஆறு பேரும், உலையில் அரிசியை எப்போது போடுவது என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். பரசுராமன் தளவாயைத் தனியே அழைத்தார். வெயிலில் நின்று கால்வாய் கட்டியவரிடம் இதை எந்த வாயால் கேட்பது என்று வெட்கமாக இருந்தது. இருந்தும் கேட்டுவிட்டார்.

தளவாய் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நம்ம பயலுவகிட்ட நான் போன வாரமே வாங்கிட்டேன் அண்ணாச்சி. நீங்க கேப்பியன்னு தெரியும்லா."

பரசுராமன் தாளை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு கையெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.

"மூணாவது ஆளு தேதி போடலியேப்பா," என்றார்.